230 என்றார்கள், டைனோவில் 186தான் வந்தது: என் ஆக்டேவியா ஆர்.எஸ். தளர்ந்துவிட்டதா?

பொள்ளாச்சி_ஆர்எஸ் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். போன நவம்பரில் 2017 மாடல் ஸ்கோடா ஆக்டேவியா ஆர்.எஸ். ஒன்றை செகண்ட் ஹேண்டில் வாங்கினேன். 68,000 கிலோமீட்டர் ஓடியிருந்தது. சர்வீஸ் ரசீதுகளை ஒரு ஃபைலில் போட்டுக் கொடுத்தார்கள். ரீமேப் (திறனைக் கூட்ட எஞ்சின் கம்ப்யூட்டரின் மென்பொருளை மாற்றுவது) எதுவும் செய்யவில்லை என்றார் விற்றவர். முதல் வேலையில் சேர்ந்த வருடம் அவினாசி ரோடு சிக்னலில் ஒரு சிவப்பு ஆர்.எஸ். என் பைக்குப் பக்கத்தில் வந்து நின்றது. அன்றிலிருந்து ஆறு வருடம் சேர்த்த பணம் இது.

கார் நன்றாகத்தான் போகிறது. போன சனிக்கிழமை நண்பர்கள் சிலர் காரின் திறனை அளக்கும் டைனோவுக்குப் போனார்கள், நானும் போனேன். தாளில் 186 எச்.பி. என்று வந்தது. கம்பெனி சொன்ன கணக்கு 230. அப்படியென்றால் 44 குதிரை எங்கே? அங்கே இருந்தவர் பார்த்துவிட்டு, டர்போ (எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் பாகம்) தளர்ந்திருக்கும், மாற்றுவது நல்லது என்று ஒன்றரை லட்சத்துக்கு மேல் கணக்குச் சொன்னார். இரண்டு நாளாகத் தூக்கம் இல்லை. இதே கார் வைத்திருப்பவர்கள், விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். டர்போவை மாற்றத்தான் வேண்டுமா?

ஈரோடு_டிஎஸ்ஜி எழுதியது:

நானும் ஆர்.எஸ். 230தான் வைத்திருக்கிறேன், 2018இல் எடுத்தது. என்னுடையது வேறொரு டைனோவில் 196 காட்டியது. யாரும் டர்போவைப் பற்றிப் பேசவில்லை. உங்கள் ஓட்டம் எத்தனை மணிக்கு நடந்தது, என்ன பெட்ரோல் இருந்தது? அதைச் சொல்லாமல் யாராலும் ஒன்றும் சொல்ல முடியாது. கோவையில் பம்ப் டெஸ்டிங்கில் இருந்த அண்ணன் ஒருவர் இங்கே எழுதுவார், அவர் வரட்டும்.

பம்ப்டெஸ்ட்_கோவை எழுதியது:

தம்பி, முதலில் டர்போவுக்கு அட்வான்ஸ் எதுவும் கொடுத்துவிடாதீர்கள். நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் அந்த எஞ்சின் ஆரோக்கியமாகத்தான் இருக்கிறது என்று தோன்றுகிறது. ஏன் என்று கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

நான் 26 வருடம் பம்ப்செட் சோதனைக் கூடத்தில் வேலை பார்த்தவன். எச்.பி. என்ற சொல்லை ஒரு நாளைக்கு நூறு தடவை எழுதியிருக்கிறேன். உங்கள் ஊர்த் தென்னந்தோப்பில் 5 எச்.பி. மோட்டார் இருக்கும், இல்லையா? தகட்டில் இருக்கும் அந்த 5, மோட்டாரின் ஷாஃப்ட்டில் கிடைக்கும் திறன். 30 மீட்டர் ஹெட்டுக்கு, அதாவது உயரத்துக்கு, அது தண்ணீர் ஏற்றுகிறது என்று வையுங்கள். நஷ்டமே இல்லாவிட்டால் நொடிக்கு 12.7 லிட்டர் கொட்ட வேண்டும். பம்பின் செயல்திறன் 60 சதவீதம் என்றால் தொட்டியில் விழுவது ஏழரை லிட்டர்தான். மீதியை இம்பெல்லரும் பேரிங்கும் தண்ணீரின் சுழலும் தின்றுவிடும். அதைப் பார்த்து எந்த விவசாயியும் மோட்டார் போய்விட்டது என்று சொல்வதில்லை. தகடு சொல்வது ஷாஃப்ட்டில் இருப்பதை, தொட்டி காட்டுவது வந்து சேர்ந்ததை.

காரிலும் இதே கதைதான். 230 என்பது எஞ்சினைத் தனியாகச் சோதனை மேடையில் வைத்து கிராங்க் ஷாஃப்ட்டில் எடுத்த அளவு. நீங்கள் போன டைனோ உருளை டைனோ என்றால், அது சக்கரத்தில் வந்து சேர்ந்ததை அளக்கிறது. நடுவில் கியர்பாக்ஸ், டிஃபரன்ஷியல், இரண்டு டிரைவ் ஷாஃப்ட், வீல் பேரிங், அப்புறம் உருளையின் மேல் நசுங்கி நசுங்கிச் சூடாகும் டயர். முன் சக்கர ஓட்டமுள்ள காரில் 12 முதல் 17 சதவீதம் வரை இப்படிப் போவது வழக்கம். 15 என்று எல்லோரும் ஒரே எண்ணைச் சொல்வார்கள், அது தோராயம்தான்.

இன்னொன்று, அந்த 230 எந்த அலகில்? அது பி.எஸ்., அதாவது மெட்ரிக் குதிரைத்திறன். 75 கிலோவை ஒரு நொடியில் ஒரு மீட்டர் தூக்கினால் ஒரு பி.எஸ். எங்கள் பாஷையில் 75 லிட்டர் தண்ணீரை நொடியில் ஒரு மீட்டர் ஏற்றுவது. ஜேம்ஸ் வாட் வகுத்த பிரிட்டிஷ் குதிரை இதைவிடக் கொஞ்சம் பெரியது. பி.எஸ். 735.5 வாட், பி.எச்.பி. 745.7 வாட். ஆக 230 பி.எஸ். என்பது 227 பி.எச்.பி. உங்கள் தாளில் இருப்பது எந்த எச்.பி. என்று ஓரத்தில் பாருங்கள். பி.எச்.பி. என்றால் 227இல் 15 சதவீதம் கழிக்க 193. நீங்கள் 186 எடுத்திருக்கிறீர்கள். தூக்கம் கெடுத்த 44 இப்போது 7 ஆகிவிட்டது.

அந்த ஏழைத் தேடுவோம். தாளில் இவற்றையெல்லாம் பாருங்கள்: காற்றின் வெப்பநிலை, காற்றழுத்தம், எந்தத் திருத்தம் (வெப்பத்துக்கும் அழுத்தத்துக்கும் ஏற்ப எண்ணை ஒரு பொது நிலைக்கு மாற்றும் கணக்கு) போட்டிருக்கிறார்கள், எந்த கியரில் ஓட்டினார்கள். எஸ்.ஏ.இ. ஜே1349 என்ற திருத்தம் 25 டிகிரியை அடிப்படையாக வைக்கிறது. ஜெர்மானிய டின் 70020 முறை 20 டிகிரியை. பழைய எஸ்.டி.டி. திருத்தம் இன்னும் குளிர்ந்த காற்றை வைத்துக் கணக்கிடுவதால் அதே ஓட்டத்துக்கு ஜே1349ஐவிட ஏறக்குறைய 4 சதவீதம் கூட்டிக் காட்டும். ஒரே கார், ஒரே நிமிடம், மூன்று எண். ஒருவர் 200 என்கிறார், இன்னொருவர் 192 என்கிறார் என்று சண்டை நடக்கிற இடத்தில் பாதி இதுதான் காரணம்.

நம் ஊர் உயரமும் இருக்கிறது. கோவை கடல் மட்டத்திலிருந்து 400 மீட்டருக்குச் சற்று மேலே. சென்னையைவிடக் காற்றழுத்தம் சுமார் 5 சதவீதம் குறைவு. டர்போ இல்லாத எஞ்சினாக இருந்தால் அவ்வளவும் அப்படியே திறனில் தெரியும். ஊட்டிக்கு ஏறினால் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் போய்விடும். டர்போ அந்தக் குறையைப் பெருமளவு தானே ஈடுகட்டும், அதனால்தான் டர்போ காருக்குத் திருத்தம் போடும்போது எண் உண்மையைவிட ஏறிவிடும் அபாயமும் உண்டு. என்னைக் கேட்டால் திருத்தம் இல்லாத எண்ணையும் சேர்த்து அச்சிட்டுத் தரச் சொல்லி வாங்குங்கள்.

கடைசியாக, டர்போ தளர்ந்ததா என்பதற்கு உச்ச எண்ணைப் பார்ப்பதைவிட டார்க் (எஞ்சினின் முறுக்கு விசை) கோட்டைப் பார்ப்பது நல்லது. இந்த எஞ்சினில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் அந்தக் கோடு. கம்பெனி கணக்குப்படி 1,500 முதல் 4,600 ஆர்.பி.எம். வரை 350 என்.எம். மேசை போலச் சமமாக நிற்கும். டார்க்கை ஆர்.பி.எம்.மால் பெருக்கி 9,549ஆல் வகுத்தால் கிலோவாட் வரும். 350ஐ 4,600ஆல் பெருக்கி வகுத்துப் பாருங்கள், 168.6. கம்பெனி சொல்லும் 169 கிலோவாட், அதாவது 230 பி.எஸ்., அங்கேயே வந்துவிடுகிறது. அதற்கு மேல் 4,700 முதல் 6,200 வரை பவர் சமமாக நிற்க, டார்க் இறங்கிக்கொண்டே போகும். 6,200இல் ஏறத்தாழ 260 என்.எம்.தான் இருக்கும். அந்த இறக்கத்தைக் காட்டி, பாருங்கள் டர்போ மூச்சு வாங்குகிறது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அது வடிவமைப்பு.

டர்போ உண்மையிலேயே போனால் டார்க் எழுவது தாமதமாகும், அந்த மேசை சாயும். உங்கள் தாளைப் படம் எடுத்துப் போடுங்கள், பார்க்கிறேன்.

பொள்ளாச்சி_ஆர்எஸ் எழுதியது:

அண்ணா, கை நடுங்கப் படித்தேன். படம் போட்டிருக்கிறேன். நீங்கள் கேட்டவை: ஓட்டம் மதியம் ஒன்றரை மணிக்கு, காற்று 38 டிகிரி, திருத்தம் இல்லை என்றே எழுதியிருக்கிறது, அலகு பி.எச்.பி. முன்னால் ஒரே ஒரு விசிறி. எனக்கு முன்னால் இரண்டு கார் ஓடியதால் பானட்டை மூடியபடி வெயிலில் அரை மணி நேரம் நின்றேன். ஒரே ஒரு ஓட்டம்தான் எடுத்தார்கள். பெட்ரோல் சாதாரணம்தான்.

அப்படியே இரண்டு கேள்வி. விலை கூடிய பெட்ரோல் போட்டால் பலன் இருக்குமா? நண்பர்கள் ரீமேப் போடு, 280 தாண்டும் என்கிறார்கள். போடலாமா?

லேப்டைம்_ராணிப்பேட்டை எழுதியது:

தம்பி, அண்ணன் எஞ்சினைப் பார்த்துக்கொள்வார், நான் மற்றதைச் சொல்கிறேன். இருங்காட்டுக்கோட்டை டிராக்கில் சில வருடங்களாகச் சொந்தக் காரைக் கொண்டுபோய் ஓட்டுகிறேன். சுற்று 3.7 கிலோமீட்டர். புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் பவரைப் பற்றித்தான் கேட்பார்கள். நான்காவது சுற்றில் அவர்கள் வெளியே வருவது பிரேக் பெடல் தரைக்குப் போனதால்.

பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். டாட் 4 ஆயிலுக்குப் புதிதாக இருக்கும்போது கொதிநிலை குறைந்தது 230 டிகிரி இருக்க வேண்டும் என்பது தரவிதி. ஈரம் சேர்ந்த நிலைக்கு அதே விதி சொல்லும் அளவு 155 டிகிரி. டிராக்கை விடுங்கள், வால்பாறையிலிருந்து நாற்பது கொண்டை ஊசி வளைவு இறங்கும் உங்களுக்கே இது முக்கியம். ஃபைலில் பிரேக் ஆயில் மாற்றிய தேதி இருக்கிறதா பாருங்கள். இரண்டு வருடம் தாண்டியிருந்தால் டைனோவுக்குப் போகும் பணத்தில் முதலில் இதை மாற்றுங்கள்.

டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும், முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். பட்டன் நன்றாக இருந்தாலும் ஆறேழு வருடம் ஆன ரப்பர் கல்லாகிவிடும். 350 என்.எம். முழுவதும் முன் இரண்டு சக்கரத்தில் இறங்குகிற கார் இது. மழையில் அந்த ரப்பரை நம்பி ஆக்சிலரேட்டரை அழுத்தாதீர்கள், தயவுசெய்து.

வேகமாக ஓட்டி வந்ததும் கடைசி இரண்டு மூன்று கிலோமீட்டர் மெதுவாக வாருங்கள். எஞ்சினை அணைத்த பிறகும் விசிறியோ பம்போ கொஞ்ச நேரம் ஓடும் சத்தம் வந்தால் அது டர்போவின் சூட்டை இறக்குகிறது, பயப்பட வேண்டாம்.

பம்ப்டெஸ்ட்_கோவை எழுதியது:

அம்மணி சொன்ன பிரேக் ஆயில் விஷயத்தை இந்த வாரமே செய்யுங்கள்.

படம் பார்த்தேன் தம்பி. டார்க் 2,000க்கு முன்பே எழுந்து 4,500 வரை சமமாக நிற்கிறது. மேசை சாயவில்லை, முழு மேசையும் கொஞ்சம் தாழ்ந்திருக்கிறது. 38 டிகிரியில் அரை மணி நேரம் வெயிலில் ஊறிய இன்டர்கூலருக்கு (டர்போ அனுப்பும் காற்றைக் குளிர்விக்கும் பாகம்) இது எதிர்பார்க்க வேண்டியதுதான். உள்ளே போகும் காற்று சூடானால் எஞ்சின் தட்டும், அதாவது எரிபொருள் நேரம் தவறித் தானே வெடிக்கும். அதைத் தவிர்க்க கம்ப்யூட்டர் இக்னிஷனைப் பின்னால் இழுக்கும், அதாவது தீப்பொறியைத் தாமதப்படுத்தும், திறன் குறையும். எஞ்சின் தன்னைக் காத்துக்கொண்டது, அவ்வளவுதான்.

நான் சொல்கிறபடி ஒரு தடவை செய்யுங்கள். அதே டைனோ, அதே பெட்ரோல், அதே டயர் காற்று. நேரம் மட்டும் காலை ஆறரை. இரண்டு பெரிய விசிறி வைக்கச் சொல்லுங்கள். டயரைக் கட்டும் பட்டையை அளவுக்கு மீறி இறுக்க விடாதீர்கள், இறுக்கினால் டயர் உருளையில் அழுந்தி அதிலேயே திறன் போகும். இடையில் சூடு இறங்க விட்டு மூன்று ஓட்டம் எடுங்கள். ஆயில், பிளக், ஃபில்டர் எதையும் அதற்கு முன்னால் மாற்றாதீர்கள். நான்கு பொருளை ஒரே நாளில் மாற்றிவிட்டு எண் ஏறினால் எதனால் ஏறியது என்று யாருக்கும் தெரியாது. சோதனைக் கூடத்தில் புதுப் பையன்களுக்கு நான் முதல் நாள் சொல்லிக்கொடுப்பது இதுதான்.

ஸ்கேனர் வைத்திருக்கும் மெக்கானிக் யாராவது தெரிந்தால் கூட்டிப் போங்கள். கம்ப்யூட்டர் கேட்ட பூஸ்ட் (டர்போ தரும் காற்றழுத்தம்), கிடைத்த பூஸ்ட், ஒவ்வொரு சிலிண்டரிலும் இக்னிஷன் எவ்வளவு பின்வாங்கியது, உள்ளே போகும் காற்றின் சூடு, இந்த நான்கையும் ஓட்டத்தின்போதே பதிவு செய்யுங்கள். கேட்டதும் கிடைத்ததும் ஒட்டிப் போனால் டர்போ பற்றிய பேச்சையே விட்டுவிடலாம். ஒட்டாவிட்டாலும் முதலில் குழாய் இணைப்புகளில் புகை விட்டுக் கசிவு பார்ப்பார்கள். சில நூறு ரூபாய் கிளாம்ப்பில் முடிகிற வேலையாக இருக்கலாம்.

பெட்ரோல் பற்றி. ஆக்டேன் என்பது பெட்ரோலில் இருக்கும் பலம் இல்லை, தட்டாமல் தாங்கும் குணம். 91 போதும் என்று வடிவமைத்த சின்னக் காருக்கு 100 ஆக்டேன் ஊற்றினால் பைசாதான் போகும். இந்தியன் ஆயில் 2020 டிசம்பரில் 100 ஆக்டேன் கொண்டுவந்தபோது பலர் அப்படி ஊற்றினார்கள். உங்கள் எஞ்சின் வேறு, டர்போ, நேரடியாகச் சிலிண்டருக்குள் எரிபொருள் தெளிப்பது, அழுத்தம் அதிகம். கோடையில் 95க்கு நிச்சயம் வித்தியாசம் தெரியும், அதிலும் இக்னிஷன் பின்வாங்குவது பதிவில் தெரிந்தால். டேங்க் மூடியின் உட்புறம் என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்து அதற்குக் குறையாமல் போடுங்கள். எத்தனால் கலப்பும் இருக்கிறது. ஒரு லிட்டர் எத்தனாலில் இருக்கும் எரிசக்தி பெட்ரோலில் மூன்றில் இரண்டு பங்குதான். மைலேஜ் கொஞ்சம் குறைந்தால் அதற்கும் காரை நோகாதீர்கள். 2017 கார் என்பதால் எரிபொருள் ஹோஸ்களை மட்டும் சர்வீஸில் கண்ணால் பார்க்கச் சொல்லுங்கள்.

ரீமேப். என் கருத்து, வேண்டாம். இப்போதைக்கு வேண்டாம் என்றுகூடச் சொல்லவில்லை, வேண்டாம். 280 வரும், அதில் சந்தேகமில்லை. ஆனால் உற்பத்தியாளர் கொடுத்த விவரத்திலிருந்து வண்டியை மாற்றுவதற்கு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு குறுக்கே நிற்கிறது. விபத்து நடந்தால் இன்ஷூரன்ஸில் முதல் கேள்வி அங்கேதான் வரும். அதைவிட, அந்தக் கூடுதல் டார்க் முழுவதும் போவது கியர்பாக்ஸின் கிளட்ச்சுக்கு. உங்களுடையது எண்ணெயில் நனைந்த கிளட்ச் உள்ள ஆறு கியர் டி.எஸ்.ஜி. ஆட்டோமேட்டிக். அதற்கு 60,000 கிலோமீட்டரில் ஆயிலும் ஃபில்டரும் மாற்ற வேண்டும். 68,000இல் வாங்கினீர்கள். ஃபைலில் அந்த ரசீது இருக்கிறதா?

எண்களில் மயங்குவது இன்று வந்தது இல்லை. அமெரிக்காவில் 1971 வரை ஆல்டர்னேட்டர், விசிறி, முழு எக்ஸாஸ்ட் எதுவும் இல்லாமல் எஞ்சினை ஓட்டி கிராஸ் எண் போட்டார்கள். கிரைஸ்லரின் 426 ஹெமி எஞ்சினுக்கு கிராஸ் 425, அவற்றையெல்லாம் மாட்டி அளந்த நெட் 350. எஞ்சின் ஒன்றுதான். ஜப்பானில் 1989 முதல் 2004 வரை 280 பி.எஸ்.ஸுக்கு மேல் தாளில் போடுவதில்லை என்று கம்பெனிகள் தங்களுக்குள் பேசிவைத்திருந்தன, ஆனால் பல கார்கள் உண்மையில் அதைத் தாண்டின. எதிர்ப்பக்கமும் உண்டு. 1999 மஸ்டாங் கோப்ராவுக்கு 320 என்றார்கள், வாங்கியவர்கள் டைனோவில் ஏற்றிப் பார்த்துக் குறைகிறதே என்று கேட்டார்கள். ஃபோர்டு விற்பனையை நிறுத்தி, கார்களைத் திரும்ப அழைத்து இன்டேக் மேனிஃபோல்டையும் எக்ஸாஸ்ட்டையும் சரிசெய்து கொடுத்தது. அதனால் நீங்கள் சந்தேகப்பட்டது தவறே இல்லை. சரியாக அளந்துவிட்டுச் சந்தேகப்பட வேண்டும், அவ்வளவுதான்.

பொள்ளாச்சி_ஆர்எஸ் எழுதியது:

பதினெட்டு நாள் கழித்து வருகிறேன், மன்னியுங்கள். அண்ணா சொன்னபடியே செய்தேன்.

காலை 6.40, காற்று 25 டிகிரி, இரண்டு விசிறி, அதே பெட்ரோல், டயரில் அதே காற்று. மூன்று ஓட்டம்: 198, 199, 197. மூன்றும் திருத்தம் போடாத எண்கள். பொள்ளாச்சியிலிருந்தே ஒரு மெக்கானிக்கைக் கூட்டிப் போனேன். கேட்ட பூஸ்ட்டும் கிடைத்த பூஸ்ட்டும் கோடு மேல் கோடாக ஒட்டிப் போகின்றன. மூன்றாவது சிலிண்டரில் மட்டும் இக்னிஷன் மற்றவற்றைவிட ஒன்றிரண்டு டிகிரி கூடுதலாகப் பின்வாங்குகிறது.

ஃபைலை முழுவதும் புரட்டினேன். கியர்பாக்ஸ் ஆயில் மாற்றிய ரசீது இல்லை. டைனோ முடிந்த பிறகுதான் மாற்றினேன். வடித்த ஆயில் நன்றாகக் கறுத்திருந்தது. மட்டம் பார்க்கும்போது ஆயில் சூடு 35க்கும் 45க்கும் இடையில் இருக்க வேண்டும் என்று மெக்கானிக் ஸ்கேனரைப் பார்த்துக்கொண்டே நிரப்பினார். ஒன்றிலிருந்து இரண்டுக்கு மாறும்போது இருந்த சின்ன உதறல் இப்போது இல்லை. பிரேக் ஆயிலும் மாற்றிவிட்டேன், அக்காவுக்கு நன்றி. முன் டயர் இரண்டும் 2018 தயாரிப்பு என்று அப்போதுதான் பார்த்தேன். அடுத்த மாதச் சம்பளத்தில் நான்கையும் மாற்றுகிறேன்.

டர்போ அப்படியே இருக்கிறது. நேற்று இரவு ஆழியார் வரை சும்மா போய்விட்டு வந்தேன்.

பம்ப்டெஸ்ட்_கோவை எழுதியது:

ரொம்பச் சந்தோஷம் தம்பி. 199ஐவிட எனக்குப் பிடித்தது மூன்று ஓட்டமும் இரண்டு எண்ணுக்குள் நிற்பது. அந்தத் தாளின் பின்பக்கத்தில் தேதி, கிலோமீட்டர், காற்றின் சூடு, டயர் காற்று, பெட்ரோல் ஆகியவற்றைக் கையால் எழுதி ஃபைலில் வையுங்கள். அடுத்த வருடம் இதே மாதம், இதே டைனோ, இதே நேரம். அப்போது ஒப்பிட உங்களுக்கு உங்கள் காரே இருக்கும், விளம்பரத் தாள் தேவைப்படாது.

மூன்றாவது சிலிண்டர்தான் பாக்கி. அந்த பிளக்கை மட்டும் கழற்றி இரண்டாவதற்கு மாற்றிப் போட்டு ஓட்டிப் பாருங்கள். பின்வாங்கல் அதோடு சேர்ந்து இடம் மாறினால் பிளக், மாறாவிட்டால் காயிலை அதேபோல மாற்றிப் பாருங்கள். அதுவும் இல்லையென்றால் இன்டேக் வால்வில் கரி படிந்திருக்கிறதா என்று கேமரா விட்டுப் பார்க்கலாம். நேரடியாக எரிபொருள் தெளிக்கும் எஞ்சின்களில் வால்வின் மேல் பெட்ரோல் படாததால் 70,000 கிலோமீட்டர் வாக்கில் கரி சேர்வது சகஜம். கழற்றியதும் பிளக்கின் முனையைப் படம் எடுத்து இங்கே போடுங்கள்.